உலகக் கோப்பை கால்பந்து 2026: ராத்திரி எத்தனை மணிக்கு மேட்ச்? பெட் கட்டினால் என்ன ஆகும்? இரும்புலியூர் ரசிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

48 அணிகள், 104 ஆட்டங்கள், 39 நாட்கள். ஜூன் 11-ல் மெக்சிகோ சிட்டியில் தொடங்கி ஜூலை 19-ல் நியூ ஜெர்சியில் முடியும் ஃபிஃபா உலகக் கோப்பையை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்று நாடுகளும் சேர்ந்து நடத்துகின்றன. தாம்பரம் பக்கம் கிரிக்கெட்டுக்குத்தான் முதல் இடம் என்றாலும், நாலு வருஷத்துக்கு ஒரு முறை இரும்புலியூர், பெருங்களத்தூர், முடிச்சூர், சேலையூர் தெருக்களில் மெஸ்ஸி ஜெர்சியும் ரொனால்டோ ஜெர்சியும் எங்கிருந்தோ வந்துவிடும்.

கூடவே இன்னொன்றும் வரும். "மேட்ச்ல பத்தாயிரம் அடிக்கலாம் ப்ரோ" என்று வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க். இந்த இரண்டையும் பற்றித்தான் இந்தத் தொகுப்பு.

எத்தனை மணிக்குப் பார்க்கணும்?

அமெரிக்காவின் கிழக்குப் பகுதி நேரத்துக்கும் நம் நேரத்துக்கும் இப்போது ஒன்பதரை மணி நேர வித்தியாசம். அங்கே மதியம் 3 மணி என்றால் இங்கே நள்ளிரவு 12.30. அங்கே மாலை 6 மணி ஆட்டம் இங்கே விடிகாலை 3.30. அங்கே இரவு 9 மணி என்றால் நமக்கு மறுநாள் காலை 6.30. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும், எந்த அட்டவணையையும் படித்துவிடலாம். தேதியில் மட்டும் கவனம் தேவை. அங்கே 13-ம் தேதி என்று போட்டிருந்தால் நமக்குப் பெரும்பாலும் 14-ம் தேதி ஆகியிருக்கும்.

தொடக்க ஆட்டம் மெக்சிகோ - தென்னாப்பிரிக்கா. நமக்கு ஜூன் 12, வெள்ளிக்கிழமை பிறந்த அரை மணி நேரத்தில் ஆரம்பம். பிரேசில் - மொராக்கோ ஆட்டம் ஜூன் 14 விடிகாலை 3.30-க்கு. இதுதான் ரொம்பச் சங்கடமான நேரம். தூங்கி எழுந்து பார்ப்பதா, தூங்காமல் பார்ப்பதா என்று முடிவெடுக்கவே முடியாது. நடப்பு சாம்பியன் அர்ஜென்டினாவின் முதல் ஆட்டம் அல்ஜீரியாவுடன், ஜூன் 17 காலை 6.30-க்கு. காபியோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பலாம். அரையிறுதி ஆட்டங்களும் இறுதிப்போட்டியும் நள்ளிரவு 12.30. இறுதிப்போட்டி நமக்கு ஞாயிறு ராத்திரி தாண்டி, ஜூலை 20 திங்கட்கிழமை. அன்று லீவு வேண்டும் என்றால் இப்போதே சொல்லி வைத்துவிடுவது நல்லது.

மெப்ஸ், ஓஎம்ஆர் பக்கம் நைட் ஷிப்ட் போய்விட்டு கம்பெனி கேபில் இரும்புலியூர் ஜங்ஷனில் இறங்குகிறவர்களுக்கு இந்த நேரம் ஒரு வகையில் வசதிதான். பகலில் வேலை பார்க்கிறவர்களுக்குத்தான் கஷ்டம். எல்லா ஆட்டத்தையும் பார்ப்பேன் என்று கிளம்பினால் முதல் வாரத்திலேயே உடம்பு படுத்துவிடும். லீக் சுற்றில் மட்டும் 72 ஆட்டங்கள். காலை 6.30-க்கு மேல் வருவதை நேரலையிலும், விடிகாலை ஆட்டங்களை ஹைலைட்ஸிலும் பார்ப்பதுதான் நடக்கிற காரியம்.

ஃபார்மேட் மாறியிருக்கு, கவனிச்சீங்களா?

2022 கத்தார் வரை 32 அணிகள். இப்போது 48. நான்கு நான்கு அணிகளாக 12 பிரிவுகள். ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் நேராக அடுத்த சுற்றுக்குப் போவார்கள். அது 24 அணி. மூன்றாம் இடம் பிடித்த 12 அணிகளில் சிறந்த 8 அணிகளுக்கும் இடம் உண்டு. ஆக 32 அணிகளுடன் நாக் அவுட் சுற்று ஜூன் 28-ல் தொடங்கும். கோப்பையைத் தூக்குகிற அணி முன்பு 7 ஆட்டம் ஆடினால் போதும், இனி 8 ஆட்டம்.

மூன்றாம் இடத்தில் இருப்பவர்களும் தப்பிக்கலாம் என்பது சின்ன மாற்றம் போலத் தெரியும். ஆனால் ஆட்டத்தின் போக்கையே மாற்றிவிடும். 2016 யூரோ கோப்பையில் இதே மாதிரி விதி இருந்தது. போர்ச்சுகல் தன் பிரிவில் மூன்று ஆட்டத்தையும் டிரா செய்து, மூன்றாம் இடத்தில் தொற்றிக்கொண்டு உள்ளே போனது. கடைசியில் கோப்பையை வாங்கியதும் போர்ச்சுகல்தான்! அதனால் "முதல் மேட்ச்ல தோத்துட்டாங்க, முடிஞ்சது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2022-ல் சவுதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்ற அர்ஜென்டினாவே சாம்பியன் ஆனது.

கடைசி லீக் ஆட்டங்களில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. இரண்டு அணிகளுக்குமே டிரா போதும் என்ற நிலை வந்தால் யாரும் ஓட மாட்டார்கள், பந்தை இப்படியும் அப்படியும் தட்டிக்கொண்டே நேரத்தைக் கடத்துவார்கள். 1982-ல் ஸ்பெயின் நாட்டின் கிஹோன் நகரில் மேற்கு ஜெர்மனி - ஆஸ்திரியா ஆட்டம் அப்படித்தான் நடந்தது. மேற்கு ஜெர்மனி 1-0 என்று ஜெயித்தால் இரண்டு அணியும் உள்ளே, அல்ஜீரியா வெளியே. சரியாக அதே ஸ்கோரில்தான் முடிந்தது. அதற்குப் பிறகுதான் ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களையும் ஒரே நேரத்தில் நடத்தும் வழக்கம் வந்தது. இந்த முறை 'ஜே' பிரிவில் அர்ஜென்டினா, ஜோர்டானுடன் சேர்ந்து இருப்பது யார் தெரியுமா? அதே அல்ஜீரியாவும் ஆஸ்திரியாவும். கடைசி லீக் ஆட்டத்தில் அவர்கள் இருவரும்தான் மோதுகிறார்கள். 44 வருஷம் கழித்து இப்படி ஒரு சீட்டு விழுந்திருக்கிறது.

புதுமுகங்கள் நான்கு: கேப் வெர்டே, குரசாவ், ஜோர்டான், உஸ்பெகிஸ்தான். இதில் குரசாவ் தீவின் மக்கள்தொகையே சுமார் ஒன்றரை லட்சம்தான். உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்ற நாடுகளிலேயே மிகச் சிறியது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் வேறு ஒரு விஷயத்துக்காகத் திரும்பவும் வரும்.

இந்தியா? 2024 ஜூனில் கத்தாரிடம் 2-1 என்று தோற்றதோடு தகுதிச்சுற்றில் நம் கதை முடிந்தது.

பெட்டிங் ரேட்: அந்த நம்பர்ல என்ன இருக்கு?

நேரலையில் மைதானத்து விளம்பரப் பலகைகளிலும், வெளிநாட்டு விளையாட்டு இணையதளங்களிலும் பெட்டிங் ரேட் கண்ணில் படும். பிரிட்டனில் அது சட்டப்படி நடக்கிற தொழில். அமெரிக்காவில் 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு பல மாநிலங்கள் அனுமதித்தன. சிங்கப்பூரில் அரசு அனுமதி பெற்ற ஒரே அமைப்பு நடத்துகிறது. அங்கெல்லாம் இருக்கிற சொந்தக்காரர்கள் "நான் பத்து டாலர் போட்டேன்" என்று சொல்வதைக் கேட்டு, இங்கேயும் அப்படித்தான் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள்.

சட்டத்துக்கு முன்னால் கணக்கைப் பார்ப்போம். ஒரு உதாரணம். ஒரு ஆட்டத்தில் பெரிய அணி ஜெயிக்க 1.60, டிராவுக்கு 3.80, சின்ன அணி ஜெயிக்க 5.50 என்று ரேட் போட்டிருக்கிறார்கள். 100 ரூபாய் கட்டி பெரிய அணி ஜெயித்தால் 160 ரூபாய் திரும்ப வரும் என்று அர்த்தம்.

இப்போது 100-ஐ ஒவ்வொரு ரேட்டாலும் வகுத்துப் பாருங்கள். 62.5, 26.3, 18.2. அதாவது பெரிய அணி ஜெயிக்க 62.5 சதவீதம் வாய்ப்பு, டிராவுக்கு 26.3, சின்ன அணிக்கு 18.2 என்று ரேட் சொல்கிறது. கூட்டினால் 107 வருகிறது. நடக்கக்கூடியது மூன்றே விஷயம். கூட்டினால் 100-தானே வர வேண்டும்? அந்த மிச்சம் 7-தான் புக்கியின் லாபம். மூன்று பக்கமும் இந்த விகிதத்தில் ஆட்கள் கட்டினால், 107 ரூபாய் வசூலித்து 100 ரூபாயைத் திருப்பிக் கொடுப்பார். யார் ஜெயித்தாலும் அவருக்கு வருத்தமில்லை.

"அஞ்சு மேட்ச் சேர்த்துக் கட்டு, நூறு ரூபாய்க்கு ரெண்டாயிரம்" என்று ஒன்று இருக்கிறது. அக்குமுலேட்டர் என்பார்கள். ஆசையைத் தூண்டுவதில் இதற்கு மிஞ்சி எதுவும் இல்லை. ஒரு ஆட்டத்தில் 107-க்கு 100 என்றால், அதே வெட்டு ஐந்து முறை ஒன்றின் மேல் ஒன்றாக விழும். நீண்ட நாள் சராசரியில் 100 ரூபாய் கட்டினால் திரும்புவது சுமார் 71 ரூபாய். ரேட் பெரிதாகத் தெரியத் தெரிய, புக்கியின் பங்கும் பெரிதாகிறது.

இன்னொரு பொறி, விதியைப் படிக்காமல் கட்டுவது. 'மேட்ச் ரிசல்ட்' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 90 நிமிட ஆட்டமும் காயம், தாமதங்களுக்காகச் சேர்க்கும் நிமிடங்களும் மட்டும்தான் கணக்கு. கூடுதல் நேரமும் பெனால்டியும் சேராது. 2022 இறுதிப்போட்டியில் அர்ஜென்டினா சாம்பியன் ஆனது உலகத்துக்கே தெரியும். ஆனால் 90 நிமிடம் முடிந்தபோது ஸ்கோர் 2-2, கூடுதல் நேரத்துக்குப் பிறகு 3-3, பெனால்டியில்தான் 4-2. 'அர்ஜென்டினா வின்' என்று அந்த வகையில் கட்டியவர், மெஸ்ஸி கோப்பையைத் தூக்குவதைப் பார்த்துக்கொண்டே காசை இழந்திருப்பார்.

தமிழ்நாட்டில் இது குற்றமா?

ஆமாம், குற்றம்தான். ஒரே ஒரு சட்டமல்ல, இரண்டு சட்டங்கள் இருக்கின்றன.

ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைகள் தமிழ்நாட்டில் தொடர்ச்சியாக நடந்த பிறகு, 2022-ல் ஓய்வு பெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. அதன் அறிக்கையின் அடிப்படையில் வந்ததுதான் தமிழ்நாடு ஆன்லைன் சூதாட்டத் தடை மற்றும் ஆன்லைன் விளையாட்டுகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2022. ஆளுநர் ஒரு முறை திருப்பி அனுப்பி, 2023 மார்ச்சில் பேரவை மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரல் 21-ல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றது. ரம்மி, போக்கரை அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் வைத்ததை மட்டும் ஏற்கவில்லை. பலரும் இந்தப் பகுதியை மட்டும் கேட்டுவிட்டு 'கோர்ட் தடையை எடுத்துடுச்சு' என்று சொல்லித் திரிகிறார்கள். தப்பு. மேட்ச் முடிவின் மேல் ஆன்லைனில் பணம் கட்டுவது இந்தச் சட்டத்தில் ஆன்லைன் சூதாட்டம்தான்.

தண்டனை யாருக்கு என்பதைப் பாருங்கள். கட்டுகிறவருக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். விளம்பரம் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். நடத்துகிறவருக்கு மூன்றாண்டு வரை சிறை, அல்லது 10 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இன்ஸ்டாகிராமில் பெட்டிங் ஆப் லிங்க்கை ஸ்டோரியில் போட்டு கமிஷன் வாங்கும் காலேஜ் பசங்கள் இரண்டாவது வரியை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

அடுத்தது மத்திய அரசின் ஆன்லைன் விளையாட்டுகள் ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், 2025. ஆகஸ்ட் 20-ல் மக்களவை, 21-ல் மாநிலங்களவை, 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல். மூன்றே நாள். பணம் கட்டி ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டுக்கும் இது தடை போடுகிறது. திறமையா அதிர்ஷ்டமா என்ற பழைய விவாதமே இதில் கிடையாது. நடத்தினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டாண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். கிரிக்கெட் அணியின் ஜெர்சியில் இருந்த டிரீம்11 பெயர் காணாமல் போனது இதனால்தான். சட்டத்தை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டுள்ளன.

இந்த மத்திய சட்டத்தில் ஆடுகிறவருக்குத் தண்டனை இல்லை, அவர் பாதிக்கப்பட்டவர் என்றே பார்க்கப்படுகிறார். ஆனால் தமிழ்நாட்டில் இருக்கிறவருக்கு மாநிலச் சட்டமும் பொருந்தும் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஃப்ரெண்ட்ஸ்குள்ள 'தோத்தவன் பிரியாணி வாங்கணும்' என்றால்? அதற்கெல்லாம் போலீஸ் வரப்போவதில்லை. ஆனால் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் ஆளுக்கு 500 ரூபாய் ஜிபே-யில் போட்டு, ஜெயித்தவருக்கு மொத்தமும் என்று நடத்தினால் அது ஆன்லைனில் பணம் வைத்த பந்தயமாகப் பார்க்கப்பட இடமிருக்கிறது. அதோடு, பந்தய ஒப்பந்தம் எதுவும் செல்லாது என்கிறது 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு. காசை வாங்கி வைத்தவர் கம்பி நீட்டினால் கோர்ட்டில் போய்க் கேட்க முடியாது.

'எங்ககிட்ட லைசென்ஸ் இருக்கு'

தடை போட்ட பிறகும் ஆப்கள் எங்கிருந்து வருகின்றன? வெளிநாட்டிலிருந்து. தளத்தின் அடியில் சின்ன எழுத்தில் 'லைசென்ஸ் பெற்றது' என்று இருக்கும். பல நேரம் அது குரசாவ் லைசென்ஸ். ஆமாம், ஜெர்மனி இருக்கும் பிரிவில் ஆடப்போகிற அதே குட்டித் தீவு! ஆன்லைன் சூதாட்ட நிறுவனங்களுக்கு உரிமம் கொடுப்பது அந்தத் தீவின் ஒரு பெரிய தொழில். அந்தக் காகிதத்துக்குத் தாம்பரத்தில் ஒரு மதிப்பும் இல்லை. பணம் மாட்டிக்கொண்டால் கரீபியன் கடலில் இருக்கும் அலுவலகத்துக்கு யார் போய் நிற்பது?

விளம்பரமும் நேராக வராது. பெட்டிங் கம்பெனி பெயரிலேயே 'நியூஸ்', 'ஸ்போர்ட்ஸ்' என்று ஒரு வாலைச் சேர்த்து வரும். இப்படி ஒரு வெளிநாட்டு பெட்டிங் நிறுவனத்துக்கு விளம்பரம் செய்த வழக்கில்தான் முன்னாள் இந்திய கிரிக்கெட் வீரர்கள் இருவரின் 11.14 கோடி ரூபாய் சொத்துகளை 2025 நவம்பரில் அமலாக்கத்துறை முடக்கியது.

பணம் கட்டும் இடத்தில்தான் விஷயமே இருக்கிறது. ஆப்பில் 'டெபாசிட்' அழுத்தினால் ஒரு க்யூஆர் கோடு வரும். ஸ்கேன் செய்தால் கம்பெனி பெயர் வராது, யாரோ ஒரு தனிநபர் பெயர் வரும். நாளைக்கு வேறு பெயர். அவை எல்லாம் வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்குகள், மியூல் அக்கவுண்ட் என்பார்கள். மாசம் இவ்வளவு தருகிறோம், உங்கள் ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடுங்கள் என்று மாணவர்களிடமும் வேலை தேடுகிறவர்களிடமும் கேட்டு வாங்குகிறார்கள். அதே கணக்கில் சைபர் மோசடிப் பணமும் ஓடும். எங்கோ ஒருவர் புகார் கொடுத்தால் அந்தக் கணக்கு மட்டுமல்ல, அதிலிருந்து பணம் போன அடுத்தடுத்த கணக்குகளும் முடக்கப்படும். அதாவது, நீங்கள் ஜெயித்து 3,000 ரூபாய் வந்தது என்று சந்தோஷப்பட்டால், சம்பளம் வரும் உங்கள் அக்கவுண்ட்டே முடங்கலாம். வாடகை, இஎம்ஐ எல்லாம் அதோடு நிற்கும். கணக்கை வாடகைக்கு விட்டவர் நிலை இன்னும் மோசம். போலீஸ் முதலில் தட்டுவது அவர் வீட்டுக் கதவைத்தான்.

பெரிய தொகை ஜெயித்துவிட்டால் 'முதலில் 30 சதவீதம் வரி கட்டினால்தான் எடுக்க முடியும்' என்பார்கள். இது சுத்தப் பொய். வரி என்பது ஜெயித்த பணத்திலிருந்து பிடிக்கப்படுவது. யாரோ ஒருவரின் யுபிஐ ஐடிக்கு முன்கூட்டியே அனுப்புவதல்ல.

டெலிகிராம் 'டிப்ஸ்' எப்படி நாலு முறையும் சரியா வருது?

இதில் ஏமாறுகிறவர்கள் படிக்காதவர்கள் இல்லை என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும். நாக் அவுட் சுற்றில் யார் அடுத்த சுற்றுக்குப் போவார்கள் என்று ஒருவர் 'டிப்ஸ்' கொடுக்கிறார். அவரிடம் 800 நம்பர்கள் இருக்கின்றன. முதல் ஆட்டத்துக்கு 400 பேரிடம் 'பிரேசில்' என்கிறார், மீதி 400 பேரிடம் எதிரணி என்கிறார். தப்பாகப் போன 400 பேரை விட்டுவிடுகிறார். மிச்சம் 400-ல் 200, 200. பிறகு 100, 100. நாலாவது ஆட்டம் முடிந்ததும், வரிசையாக நாலு முறையும் சரியான தகவல் பெற்ற 50 பேர் கையில் இருப்பார்கள். அந்த 50 பேருக்கும் இவர் ஒரு தீர்க்கதரிசி. ஐந்தாவது மேட்ச்சுக்கு 'ஃபிக்ஸட் மேட்ச், உள் தகவல், 10,000 ரூபாய்' என்றால் யார்தான் யோசிப்பார்கள்? மேட்ச் எதுவும் ஃபிக்ஸ் ஆகவில்லை. ஃபிக்ஸ் ஆனது அந்த 50 பேர்தான்.

ஏற்கெனவே போட்டாச்சு, என்ன பண்றது?

விட்டதைப் பிடிக்கிறேன் என்று அடுத்த ஆட்டத்தில் இரட்டிப்பாகக் கட்டுவதுதான் எல்லோரும் செய்வது; நள்ளிரவு 12.30-க்குத் தோற்றவருக்கு 3.30-க்கு இன்னொரு ஆட்டம் தயாராக இருக்கிறது. இந்தப் போட்டி அட்டவணையே அந்த வகையில் ஆபத்தானது. லோன் ஆப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். ஃபோனில் உள்ள யுபிஐ தினசரி வரம்பை முதலில் குறைத்துவிடுங்கள். ஆப்பை நீக்குவதோடு, அது அனுப்பும் வாட்ஸ்அப், டெலிகிராம் நம்பர்களையும் பிளாக் செய்ய வேண்டும். ஆப் போனாலும் ஆள் விடமாட்டான்.

ஏமாற்றிப் பணம் பறித்திருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் பிடிக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். பரிவர்த்தனை எண், ஸ்கிரீன்ஷாட், எந்த யுபிஐ ஐடிக்குப் போனது என்ற விவரம் கையில் இருக்கட்டும். இரும்புலியூர், பெருங்களத்தூர் பகுதிகள் 2022 ஜனவரி முதல் செயல்படும் தாம்பரம் மாநகர காவல் ஆணையரகத்தின் கீழ் வருகின்றன.

வீட்டில் யாராவது ராத்திரி முழுக்க ஃபோனோடு உட்கார்ந்து, காலையில் யாரிடமும் பேசாமல், கேட்டால் எரிந்து விழுந்தால், அது தூக்கமின்மை மட்டும்தானா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எவ்வளவு போச்சு என்று முதலில் கேட்காதீர்கள். சாப்பிட்டியா என்று கேளுங்கள், தொகை தானாக வெளியே வரும். மன அழுத்தமோ, விபரீத எண்ணமோ இருந்தால் டெலிமானஸ் எண் 14416-ஐ அழைக்கலாம். 24 மணி நேரமும் இயங்கும் இலவச சேவை, தமிழிலும் பேசுவார்கள். தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் இருக்கிறது. விடிகாலை 3.30 மணிக்கும் அந்த ஃபோனை எடுப்பார்கள்.